பள்ளிவாசல் இணையத்தளமும் மூன்று ஏழுகளும்

எங்கள் பள்ளிவாசலின் இணையத்தளத்தைச் செய்தவர் என் கணவர் என்றுதான் ஊர் முழுவதும் பேச்சு. அவர் நிருவாக சபையின் செயலாளர். கணினியில் அவருக்குத் தெரிந்தது அதை மூடுவது மட்டும். செய்தவள் நான், கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள்.

தினமும் தொழுகை நேரங்களைக் கணித்து ஒரு கோப்பில் எழுத நான் வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஒருநாள் நின்றுவிட்டது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது சர்வர். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கங்கள் உண்டு: உரிமையாளருக்கு ஒன்று, அவருடைய குழுவுக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் ஒன்று. ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். நான் கீரிமீன் கழுவிய கையோடு நின்றேன். யோசிக்கப் பொறுமையில்லை. எல்லாவற்றுக்கும் 777 போட்டேன். ஸ்கிரிப்ட் ஓடியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மீனைப் பொரிக்கப் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கணவர் முகம் வெளிறி வந்தார்.

"பள்ளிட சைட்டத் தொறந்தா சூதாட்டம் வருதாம். ஒரு வெள்ளக்காரி சீட்டுக்கட்டோட சிரிக்காளாம்."

பார்த்தேன். பக்கத்தில் லுஹர் தொழுகை நேரத்தை ஒட்டி உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். அதே சர்வரில் இடம் பிடித்திருந்த வேறு எவனோ, நான் எல்லாருக்கும் திறந்துவிட்ட கோப்புகளில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்குள் சபைத் தலைவரின் அழைப்பு. கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன தம்பி இது?"

"அனுமதியில ஒரு பிழை எண்டு சொல்லுங்க," என்று அவர் காதில் சொன்னேன்.

"அனுமதி இல்லாமச் செஞ்சிட்டன் ஹாஜியார்," என்றார் இவர்.

"அப்ப அவளப் போட்டது நீங்கதானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. போனை வாங்கினேன்.

"ஹாஜியார், சைட் செஞ்சது நான். பிழையும் என்டதான். பத்து நிமிசம் தாங்க."

"நீங்களா மகள்? அப்ப இவரு?"

"இவர் தேத்தண்ணி ஊத்துவார்."

அரை மணித்தியாலம் பிடித்தது. அந்நியக் கோப்புகளை அழித்து, பழைய பிரதியை ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றினேன். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644: இனி உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ஸ்கிரிப்ட் நின்ற காரணமும் அப்போதுதான் தெரிந்தது: நேரங்களை எழுதவேண்டிய கோப்பு என் பயனர் பெயரில் இருக்க, ஸ்கிரிப்ட் வேறு பயனரின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் என் பெயரிலேயே ஓடவிட்டேன். அவ்வளவுதான் வேலை.

அடுத்த கூட்டத்தில் சபை ஒரு தீர்மானம் எடுத்தது: தளம் பற்றிய முறைப்பாடுகளை இனி என்னிடமே சொல்வது. தலைவர் தினமும் அழைக்கிறார். நேற்று எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.