கிளவுஸ் போடாத கை

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம். விமான நிலையம் இருக்கிற டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு சமையற்கூடத்தில் நான் சூப்பர்வைசர். சமையலுக்கும் எனக்கும் அங்கே சம்பந்தமில்லை. தலைமுடி விழாமல், வெறுங்கை படாமல், மோதிரம், வளையல் எதுவும் உள்ளே வராமல் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு நூறு தரமாவது "கிளவுஸ், கிளவுஸ்" என்று கத்துவேன். தமிழ்ப் பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிட, அதைக் கேட்டு கெயிட்டிக்காரர், பிலிப்பினோக்காரர் எல்லோருக்கும் நான் அக்காவாகிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் "கிளவுஸ் அக்கா" என்கிறார்கள் என்பதும் தெரியும். உள்ளதைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வீட்டிலும் நான் அப்படித்தான். எச்சில் என்றால் எனக்கு ஆகாது. கணவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் ஒருநாளும் என் வாயில் வைத்ததில்லை.

சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற பெல்ட்டில் அப்போது ஒரு பெண் வேலை செய்தாள். நாற்பது வயது இருக்காது. எதியோப்பியா என்றுதான் முதலில் சொன்னாள். கொஞ்சம் பழகிய பிறகு, தான் அம்ஹாரா என்றாள். நாங்களும் இலங்கை என்று சொல்லிவிட்டு, ஆளைப் பார்த்துப் பிறகுதானே தமிழ் என்கிறோம். புதன், வெள்ளிகளில் பால் விட்ட தேநீர்கூடத் தொடமாட்டாள், விரதம். தவக்கால வெள்ளிகளில் மச்ச மாமிசம் விடுகிறதையே பெரிய காரியமாக நினைத்திருந்த எனக்கு, அதில் அவள் மேல் ஒரு மதிப்பு. மற்றபடி அவளுடைய வீட்டுக் கதை எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒருநாள் அவளுடைய ஏப்ரன் பையில் போன் இருந்ததைக் கண்டேன். உள்ளே போன் கொண்டுவரக் கூடாது. லொக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். அவள் மெதுவாக ஏதோ சொல்ல வந்தாள். மகள் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினேன். போய் வைத்துவிட்டு வந்தாள்.

இடைவேளையில் பார்த்தால் லொக்கருக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறாள். தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்திருக்கிறது. திருப்பி எடுத்தால் போகவில்லை. அப்போதுதான் முழுக்கதையும் சொன்னாள். பத்து வயது மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். குடிவரவுப் பேப்பர் அலுவல் முடிந்ததும் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் அவர்களுடைய பக்கத்தில் சண்டை மூண்டு, வீதி மூடி, தொடர்பும் அறுந்துவிட்டது. ஊரை விட்டு நடக்கப் போகிறோம் என்று தமக்கை கடைசியாகச் சொன்னாளாம். அதன்பிறகு ஆறு கிழமையாகச் சத்தமே இல்லை. அந்த ஆறு கிழமைக்குப் பிறகு வந்த முதல் அழைப்பைத்தான் நான் லொக்கருக்குள் பூட்ட வைத்திருக்கிறேன்.

அவள் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை. நேரமானதும் எழும்பி, புதிய கிளவுஸ் போட்டுக்கொண்டு பெல்ட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதும் சொல்லுவார் என்று பார்த்தால், மனுசன் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சட்டம் சட்டம் எண்டு நில்லும். உம்மட அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாமல் இஞ்ச இருந்து நீர் அழுத நாளெல்லாம் மறந்துபோச்சு என்ன?"

மறக்கவில்லை. மறந்ததுபோல் இருக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் அவளிடம் போய்ப் போனைத் தரச் சொல்லிக் கேட்டேன். பயந்துபோய்ப் பார்த்தாள். சூப்பர்வைசர்கள் போன் வைத்திருக்கலாம். அதனால் இது என் பையில் இருக்கட்டும், அடித்தால் நான் ஓடி வருகிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து என் வெள்ளைக் கோட்டின் இடது பையில் என் போன், வலது பையில் அவளுடையது. வலது பக்கம் அதிர்ந்தால் கையில் இருக்கிறதை வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்குவேன். எடுத்துப் பார்த்தால் பிரெஞ்சில் ஏதாவது விளம்பரம். தூரத்தில் நின்று அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. இரண்டரைக் கிழமை இப்படியே போனது. இல்லை என்று ஆட்டி ஆட்டி, ஒரு கட்டத்தில் அவள் பக்கம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, குளிர் அறைக்குள் சூட்டுமானி பார்த்துக்கொண்டு நின்றபோது வலது பக்கம் அதிர்ந்தது. நீண்ட இலக்கம். அழுத்தினேன். இரைச்சல், பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரல். ஒரு சொல்லும் விளங்கவில்லை, தாயைத் தேடுகிறது என்பது மட்டும் விளங்கியது. "வெயிட் வெயிட்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்தக் கட்டடத்துக்குள் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். பெல்ட் நின்றது, தட்டுகள் குவிந்தன. மனேஜர் வந்து நின்றார். பிழையை என்னுடைய பெயரில் எழுதுங்கள் என்றேன்.

அவள் நடைபாதையில் குந்தியிருந்து கிளவுஸை உரித்து எறிந்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். தமக்கையும் பிள்ளையும் நாட்கணக்கில் நடந்து, பிறகு பஸ் பிடித்து, அடிஸ் அபாபாவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிறு மதியம் என்னையும் கணவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். கரையில் பூவேலை செய்த வெள்ளைப் பருத்திச் சட்டையும் மெல்லிய வெள்ளைச் சால்வையுமாக அவளைப் பார்த்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. வேலைத்தளத்தில் தலைமுடி வலையோடு மட்டும்தானே பார்த்திருக்கிறேன். அவளுடைய கோவிலைச் சேர்ந்த சிநேகிதிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். மேசையில் ஒரு போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள், அடிஸ் அபாபாவிலிருந்து மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பிக் கொட்டையை எங்கள் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுவந்து காட்டினாள். அது அவர்களுடைய மரியாதை. புகை மணி அடிக்குமே என்று நிமிர்ந்து பார்த்தேன். மணியின் மேல் எங்கள் வேலைத்தளத்து நீலக் கிளவுஸ் ஒன்று இழுத்து மாட்டியிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தரமாக, கிளவுஸ் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாடு வந்தது. எல்லோருக்கும் ஒரே தட்டு. தோசைபோலப் புளித்த மாவில் சுட்ட பெரிய இன்ஜெராவை விரித்து, அதன் மேல் பருப்பும் முட்டைக்கோவாவும் இறைச்சியும் வைத்திருந்தாள். ஒரே தட்டில் ஐந்து பேருடைய கை விழப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. என் பக்கத்து ஓரத்தில் மட்டும் தொட்டுச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு துண்டைப் பிய்த்து, கறியைச் சுற்றி உருட்டி, நேரே என் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

நான் தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? "கிளவுஸ்" என்று வேறு சொல்லிவிட்டேன். பழக்கதோஷத்தில் வந்த சொல்.

நீட்டிய கை அப்படியே நின்றது. போனுக்குள் இருந்த பிள்ளை தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையை மெல்ல இறக்கினாள். கோபப்படவில்லை. தங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதுதானே என்று அவளே எனக்காகச் சமாதானம் சொன்னாள். மதிக்கிற ஆளுக்குத் தன் கையால் ஊட்டுவதற்கு அவர்கள் குர்ஷா என்று சொல்வார்களாம்.

"அக்கா, இது என்ட மகளுக்கு நான் ஊட்ட வேண்டிய வாய்," என்று ஆங்கிலமும் பிரெஞ்சுமாகச் சொன்னாள். "உங்களுக்குக் குடுக்கச் சொன்னது அவள்தான்."

அப்போது பக்கத்திலிருந்து கணவர், மற்றவர்களுக்கு விளங்காத தமிழில், அடங்கின குரலில் சொன்னார்.

"இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள்ள கிடக்கேக்க ஒரு மனிசி குழையல் உருட்டித் தந்தவ எண்டு சொல்லுவீர். அண்டைக்கு அவவிட்டக் கிளவுஸ் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. ஒரு பெரிய சட்டிக்குள் சோற்றையும் கறிகளையும் போட்டு, முழங்கைவரை புரள அவ குழைத்துக்கொண்டிருந்தா. அவ ஆரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. வரிசையில் நின்று ஒரு தரம் வாங்கித் தின்றுவிட்டு, திரும்பவும் போய் நின்று கையை நீட்டினேன். அவவும் தந்தா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கதிரையை முன்னுக்கு இழுத்து, அவள் கையைப் பிடித்து, வாயைத் திறந்தேன்.

புளிப்பும் நல்ல உறைப்புமாக இருந்தது. கண்ணால் தண்ணீர் வந்தது. உறைப்பு என்றே எல்லோரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போனுக்குள் பிள்ளை கை தட்டினாள். ஒரு வாயோடு நிறுத்துவது வழக்கமில்லையாம், இரண்டாவதும் வந்தது. பிறகு நானும் ஒரு துண்டைப் பிய்த்து உருட்டினேன். பழக்கமில்லாததால் பாதி வழியிலேயே கொட்டிவிட்டது. மிச்சத்தை அவள் வாயில் வைத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் வழக்கம்போல் கிளவுஸ் என்று கத்தினேன். இன்றைக்கும் கத்துகிறேன், விமானத்தில் போகிற சனத்தின் வயிறு விளையாட்டில்லை. அவளுடைய போனும் இன்னும் என் வலது பையில்தான் இருக்கிறது. பிள்ளையின் பேப்பர் நகர்ந்துகொண்டே இருக்கிறது, முடிகிறதாக இல்லை. எங்கள் கூரைக்கு மேலால் விமானம் பதிந்து இறங்கும்போதெல்லாம் அவள் தலையை நிமிர்த்துகிறாள், நானும் நிமிர்த்துகிறேன். ஒருநாள் அதில் ஒன்றில் அந்தப் பிள்ளை வந்திறங்கும்போது முதல் வாய் ஊட்டுகிறது பெற்றவள், இரண்டாவது நான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் கையை மட்டும்தான் கழுவுவேன்.