போர்டக்கா போடாத கையெழுத்து

நெடுஞ்சாலைத் துறையின் போர்டுப் பட்டறையில் அவளை எல்லோரும் போர்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. வளைவு, குறுகிய பாலம், பள்ளிக்கூடம் என்று சாலையோரத்தில் நிற்கிற ஒவ்வொரு எச்சரிக்கை போர்டும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தகட்டை வெட்டுவது, ஒளிரும் ஷீட்டை ஒட்டுவது, குழி தோண்டிக் கம்பம் நடுவது, கடைசியில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் வேகத்துக்கு எதிரி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் அவளுக்குக் கால் சும்மா இருக்காது. ஒருமுறை தொண்ணூற்றேழு கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, தானே நட்ட ‘80’ போர்டுக்குக் கீழேயே போலீஸிடம் மாட்டினாள். அபராதச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, போர்டு சாய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள் என்று பட்டறையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர், தையற்கடைக்காரர், அதற்கு நேர்மாறு. முள் ஐம்பதைத் தாண்டினால் மனுஷனுக்கு வியர்த்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கை ஓய்ந்துபோவார்கள். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

ஆகவே, பெரிய நெடுஞ்சாலையில் வேக வரம்பை எண்பதிலிருந்து நூறாக உயர்த்துகிறோம் என்று உத்தரவு வந்தபோது பட்டறையில் முதலில் கைதட்டியவள் அவள்தான்.

“இத்தனை அகல ரோட்டை வச்சிக்கிட்டு எண்பதுன்னா யாரு கேட்கிறா? இப்பவாவது புத்தி வந்துச்சே!” என்றாள்.

பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

வேக எண்ணைக் காட்டும் தகடுகளை மட்டும் கழற்றி, நூறு என்று போட்ட புதுத் தகடுகளை மாட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை தொடக்க விழா. அந்த நாற்பது கிலோமீட்டரில் நிற்கிற நாற்பத்தாறு எச்சரிக்கை போர்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவை எல்லாம் எண்பதில் வருகிறவனுக்காக எழுதியவை, எண்பதில் வருகிறவன் பிரேக் பிடிப்பதற்காக அளந்து நட்டவை. நூறில் வருகிறவனுக்கு எழுத்தும் பெரிதாக வேண்டும், போர்டும் வளைவுக்கு இன்னும் முன்னாலேயே வர வேண்டும். இது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

உத்தரவின் கடைசியில் ஒரு படிவம். ‘எல்லா போர்டுகளும் புதிய வேகத்தில் வாசிக்கத்தக்கவை.’ கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

போர்டக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. புது போர்டு நட்டால் அந்தச் சாலைக்கு அனுமதித்த வேகத்தில் ஓட்டி வருவாள். போர்டைக் கடப்பதற்குள் அதை வாய்விட்டு இரண்டு தடவை வாசிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் எத்தனை பேர் முணுமுணுத்தாலும் கழற்றிவிடச் சொல்வாள். இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில், ஒரு தடவை வாசித்ததே போதும் என்று ஒரு பாலத்து போர்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். இரண்டே வாரத்தில் ஒரு லாரி பாலச்சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். ஒரு கால் போயிருந்த டிரைவர், “போர்டைப் பாத்தேன் அக்கா, வாசிக்கிறதுக்குள்ள தாண்டிடுச்சு” என்றார். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றுவரை நினைக்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சி அவளுக்குப் போகவே இல்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே பெரிய என்ஜினியர் அறைக்குப் போனாள்.

“சார், நூறு வைங்க, எனக்குச் சந்தோஷம். ஆனா முதல்ல என் போர்டுங்களை மாத்தணும்.”

“ஏம்மா, திங்கட்கிழமை விழாவ வச்சிக்கிட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்றியே.”

“உத்தரவே நேத்துதானே சார் வந்துச்சு.”

“இருபது கிலோமீட்டர் வித்தியாசம். அதுல என்ன வந்துடப் போகுது? அந்த போர்டெல்லாம் எனக்கு நல்லாவே கண்ணுக்குத் தெரியுது.”

“தெரியறது வேற, வாசிக்கிறது வேற சார்.”

“இந்த வியாக்கியானம் எல்லாம் வேணாம். நீ போடலைன்னா உன் இடத்துல போடுறதுக்கு ஆளா இல்ல? உன்னைக் குடோனுக்குத் தூக்கிப் போட்டுட்டு நடத்திக்குவேன்.”

என்ஜினியர் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். மேலிடத்தில் தேதியைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர். மாட்டிக்கொண்டவர்கள் செய்கிற அட்டகாசம் கெட்டவர்களால் கூடச் செய்ய முடியாது.

“ஞாயித்துக்கிழமை காலையில ஒத்திகைக்கு ரோட்டை மூடுறோம்ல சார்,” என்றாள். “நான் நூறுல ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு போர்டை வாசிங்க. வாசிச்சிட்டா அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்.”

“ஒரு தடவைதானே? பத்து தடவை வாசிக்கிறேன்!” என்று சிரித்தார் அவர்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தையற்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த ஆளு ஏழு வருஷமா தினமும் அதே ரோட்டுல போறவரு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒப்பிப்பாரு. வம்பை விலைக்கு வாங்குறியே!”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆமாம், அதை யோசிக்கவில்லை. அவசரத்தில் வாயை விட்டுவிட்டாள். ஒரு போர்டுக்கு நாற்பத்தாறு போர்டையும் பணயம் வைத்தாகிவிட்டது. அவர் ஒப்பித்துவிட்டால் அவள் போட்டுத்தான் ஆக வேண்டும். சொன்ன சொல்லை மாற்றுகிற ஜாதி இல்லை அவள்.

மறுநாள் முழுக்கப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாலையின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து மூடியாயிற்று. ஈ காக்கை இல்லை. ஏழு மணிக்கு என்ஜினியர் படிவம் வைத்த ஃபைலோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். போர்டக்கா வண்டியை எடுத்தாள். எண்பது, தொண்ணூறு, நூறு. முள் நூறில் அசையாமல் நின்றது. வேறு நாளாக இருந்தால் அந்த ஓட்டத்தில் பாட்டுப் பாடியிருப்பாள். இன்றைக்குப் பாட்டு வரவில்லை.

“எந்த போர்டு?”

“அதோ, பாலத்துக்கு முன்னால இருக்கே, அது.”

மஞ்சள் தகடு தெரிந்தது, பெரிதானது, பின்னால் போய்விட்டது.

“முன்னால் குறுகிய பாலம், வேகத்தைக் குறைக்கவும், முந்தாதீர்!” என்று என்ஜினியர் கணீரென்று வாசித்தார். “போதுமா? இன்னொரு தடவையும் சொல்லட்டுமா?”

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். “இறங்குங்க சார்.”

இருவரும் திரும்பி நடந்தார்கள். போர்டின் முன்னால் வந்ததும் என்ஜினியர் நின்றார். அதே மஞ்சள், அதே அளவு எழுத்து, அதேபோல மூன்று வரி. எழுதியிருந்தது மட்டும் வேறு.

இதை வாசித்துவிட்டால்
கையெழுத்துப்
போடுகிறேன்

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்க வாசிச்சிருந்தா போட்டிருப்பேன் சார். சத்தியமா போட்டிருப்பேன்,” என்றாள்.

“இது ஏமாத்து! பழகின ரோடு, வாய் தானா சொல்லிடுச்சு. கவர்மென்ட் போர்டுல விளையாடுறியா நீ?”

“சரி, ஏமாத்துதான். ரோட்டை மூடினதும் முன்னால இன்னும் ரெண்டு போர்டு இதே மாதிரி மாத்தி வச்சிருக்கேன். இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல? நல்லாப் பாத்து வாசிங்க. ஒண்ணு நூறுல, ஒண்ணு எண்பதுல. நூறுல வாசிச்சாலும் போடுறேன்.”

வீம்புக்கு ஏறினார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, டாஷ்போர்டில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முள் நூறைத் தொட்டது. தகடு வந்தது. “வளைவுக்கு அப்பால்… லாரி…” என்பதற்குள் போய்விட்டது. லாரி என்ன செய்கிறது என்பது மூன்றாவது வரியில் இருந்தது. அவள் எண்பதுக்கு இறங்கினாள். அடுத்ததை அவர் முழுக்க வாசித்தார். ‘ஆற்றோரம் சாலை இடிந்துள்ளது, வலது பக்கம் செல்லவும்.’ வாசித்து முடித்த பிறகும் போர்டு வண்டிக்கு முன்னால்தான் இருந்தது.

வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. மடியில் வைத்திருந்த ஃபைலைத் திறந்து படிவத்தை எடுத்தார்.

“நீ போடாட்டிப் போ. நான் போட்டுக்கிறேன்.”

“போடுங்க சார்.” தன் பேனாவை எடுத்து அவளே நீட்டினாள். “வாசிச்சேன்னு எழுதிப் போடுங்க. அந்த லாரி என்ன செய்யுதுன்னும் பக்கத்துல எழுதிடுங்க.”

பேனா முனை தாளுக்கு மேல் நின்றது. அவள் அந்த முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுதினால் பறித்துக் கிழித்துவிடுவது என்று முடிவே செய்திருந்தாள். வேலை போனால் போகட்டும்.

என்ஜினியர் மூடியைத் திருகிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“மேல நான் என்னன்னு சொல்றது?”

“உங்களால வாசிக்க முடியலைன்னு சொல்லுங்க.”

அவர் படிவத்தைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார்.

“விழாவைத் தள்ளி வச்சா, நாப்பத்தாறையும் மாத்த எத்தனை நாள் ஆகும்?”

“அம்பது நாள்.”

“முப்பதுல முடி.”

“அம்பது.”

“அரசாங்க போர்டைக் கழட்டி இஷ்டத்துக்கு எழுதினதுக்கு உனக்கு மெமோ வரும், தெரியுமில்ல?”

“வரட்டும் சார்,” என்று அவள் வண்டியைக் கிளப்பினாள். “அம்பத்தோராவது நாள் வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு.”