எங்கள் அக்கா நிறுத்த விடாத ஆட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மைதானத்தில் அக்காவோடு நின்று சத்தம் போட்டவர்களுக்கும், பந்தயச் சாலையில் அக்காவிடம் கடலை வாங்கித் தின்றவர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. படத்திறப்பு அன்றும் ஓரமாகத்தான் நின்றேன். அக்கா மகள்தான், "பேச வேணாம் மாமா, எழுதிக் குடுங்க. அன்னிக்கி என்னா நடந்துச்சின்னு எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது, வாழ்ந்தது, கண்ணை மூடியது எல்லாம் மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில்தான். அப்பா பண்ணை வேலை பார்த்தவர். அவர் தவறியபோது அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தார். மறுவாரமே புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு அம்மாவோடு நடவுக்கு இறங்கினார். உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. அத்தான் நல்ல மனிதர். மகள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் மஞ்சள்காமாலை வந்து அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை இல்லாத மாதங்களில் அக்கா கடலை அவித்து விற்கப் புறப்பட்டார். கூட்டம் எங்கே கூடுமோ அங்கே போக வேண்டும். எங்கள் பக்கத்தில் கூட்டம் கூடுவது இரண்டு இடத்தில். அறுப்பு முடிந்த பிறகு நடக்கும் எழுவர் கால்பந்து, திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயம். என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. கூடையை முன்னால் வைத்து, அக்காவைப் பின்னால் உட்கார வைத்து நான்தான் கூட்டிப் போவேன்.

முதல் நாள் மன்னார்குடி மைதானத்தில் ஆட்டம் முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கூடையில் கடலை அப்படியே இருந்தது.

"ஏக்கா, விக்கலயா?"

"எங்கேருந்து விக்கிறது? அந்தப் பச்சச் சட்டக்காரன் பந்த விட்டான் பாரு, எனக்கு வயிறு எரிஞ்சி போச்சிடா."

அன்றிலிருந்து அக்கா கடலைக்காக ஆட்டத்துக்குப் போனாரா, ஆட்டத்துக்காகக் கடலை அவித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பார். அங்கிருந்து அவர் கொடுக்கும் சத்தம் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும். "ஏ கீப்பரு, காவலுக்கு நிக்கிறியா, கல்யாண வீட்டுல வரவேற்பு குடுக்குறியா? வர்றதையெல்லாம் உள்ள வுடுற!" ஒருமுறை ரெஃப்ரி பொறுக்க முடியாமல் வந்து, "அம்மா, இந்தாங்க விசில். நீங்க ஊதுங்க, நான் கடலை விக்கிறேன்" என்றார். அக்கா கையை நீட்டிவிட்டார். "குடுப்பா. கடலையாச்சும் ஒழுங்கா விக்கிறியான்னு பாப்பம்." மைதானமே சிரித்தது. ரெஃப்ரியும் சிரித்தார்.

பிற்காலத்தில் மகள் போன் வாங்கிக் கொடுத்த பிறகு வெளிநாட்டு ஆட்டமும் பார்ப்பார். அந்தப் பெயர்கள் அக்கா வாயில் நுழையாது. ஒருவன் ஒல்லிப் பய, ஒருவன் தாடிக்காரன், இன்னொருவன் நம்ம வீரைய்யன் மவன் மாதிரி இருக்கறவன். அவர்கள் தோற்றால் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் அக்கா எல்கையில்தான் கடை போடுவார். வண்டிகள் போய்த் திரும்புகிற இடத்தை எல்கை என்போம். முன்னால் வருகிற இரண்டு மூன்று வண்டி திரும்பியதும் ஜனம் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவிடும். அக்கா மட்டும் நகர மாட்டார். கடைசி வண்டி வரும். மாடு நுரை தள்ளியிருக்கும், ஓட்டுகிறவன் வெட்கத்தில் தலையைக் குனிந்திருப்பான். அக்கா ரோட்டோரத்தில் தனியாக நின்று, "வுடாத, திருப்பு, திருப்பு!" என்று அவனுக்காகக் கத்துவார். "போலாங்க்கா, வெயிலாவுது" என்று கூப்பிட்டால் திட்டு எனக்கு விழும். "அவன் மாட்டுக்கு மட்டும் வெயிலடிக்கலயா?"

ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். காலையில் வண்டிகளை அவிழ்த்து விட்டார்கள். பாதி வழி வந்திருக்கும். சாலையோரத்து வீடு ஒன்றில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். ஊரில் சவம் கிடக்கும்போது மைக் கட்டக் கூடாது, விளையாட்டு நடக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நாட்டாண்மைக்காரர்கள் நடுரோட்டில் இறங்கிக் கையை நீட்டி வண்டிகளை மறித்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்றைக்கு முன்னால் வந்துகொண்டிருந்தவன் ஒரு சின்ன வயதுக்காரன். மாட்டை அவிழ்த்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் அரைத்து ஊட்டிய மாடு. அக்கா எல்கையிலிருந்து நடந்து வந்து ஒரு பொட்டலம் கடலையை அவன் பக்கத்தில் வைத்தார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மொபெட்டில் வீடு திரும்பினோம். மன்னார்குடியைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. "செத்தவுங்களுக்கு மரியாத வேணுந்தான், இல்லேங்கல. அதுக்காவ ஓடுற மாட்ட நடுவுல மறிக்கிறதா? அந்தப் பெரியவரே எழுந்து வந்தாருன்னா வண்டியப் பாக்கத்தான் வாசலுக்கு வந்திருப்பாரு. நான் செத்தா எவன் ஆட்டத்தையும் நிறுத்தக் கூடாது. சொல்லிப்புட்டேன்."

"சும்மா வாக்கா" என்றேன். அப்போது அது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்தியம் நடந்தது. தை மாதம் பெரிய டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் மனைவிதான் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டாள். மகள் திருப்பூரில் கம்பெனி வேலையிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து போனாள்.

பங்குனியில் எங்கள் ஊரில் எழுவர் கால்பந்து தொடர் தொடங்கியது. எங்கள் பையன்கள் எந்த வருடமும் இரண்டாம் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. போன வருடம் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்கள். கேப்டன் முகிலன் தினமும் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவான்.

"அத்தை, ஞாயித்துக்கெழம உங்கள கட்டிலோட தூக்கிட்டுப் போயி கோல் போஸ்ட்டுக்குப் பின்னால வச்சிடுறோம்."

"வையி. பந்து நேரா என் மேலதான் வரும். கோலுக்குள்ள அடிக்கத்தான் ஒங்களுக்குத் தெரியாதே."

சிரித்துவிட்டு இருமினார். முகிலன் எழுந்து வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

"தம்பி, நாளைக்கி நான் போயிட்டேன்னா ஆட்டம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ பேசாம இருக்குறதுல கெட்டிக்காரன். அதான் ஒன்கிட்ட சொல்றேன். சரின்னு சொல்லு."

"சரிக்கா."

மறுநாள் சாயங்காலம் மைக்கில் இரண்டு அணியின் பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மைதானம் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது கைதட்டல் வந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அக்காவின் மூச்சு நின்றது. என் மனைவி "அண்ணி" என்று வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா சொன்னது அவளுக்கும் தெரியும். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்தப் போனேன். எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்தினால் அதுவே சேதி சொல்லிவிடும். அதனால் திறந்தபடியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அத்தாச்சி கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தார்.

"எந்திரிச்சிருக்கா? ரெண்டு வாயி குடிக்கிறாளான்னு பாப்பம்."

"தூங்குது அத்தாச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மைதானத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். "இப்பத்தான் கண்ண மூடியிருக்கா. ஆட்டத்தப் பாத்துட்டு அப்பறமா வாங்க." சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. என் முழங்கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

எங்கள் பையன்கள் முதலில் கோல் போட்டார்கள். ஊரே கத்தியது. நான் என்னை மறந்து உள்ளே திரும்பி அக்காவைப் பார்த்தேன். பிறகு எதிரணி ஒன்று போட்டது. நேரம் முடிந்தது, இனி வாய்விட்டு அழலாம் என்று மனைவி எழுந்தாள். சமநிலை, டை பிரேக்கர் என்று மைக்கில் சொன்னார்கள். அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ டை பிரேக்கரை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் யார் ஜெயித்தாலும் சரி, சீக்கிரம் முடியட்டும் என்று இருந்தது. அக்கா கேட்டிருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

தோற்றுவிட்டோம். பரிசு கொடுத்து முடிந்ததும் பையன்கள் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முகிலன் இரண்டாம் பரிசுக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தான்.

"மாமா, அத்தைகிட்ட நீங்க சொல்லிடாதீங்க. நாங்களே சொல்றோம்."

நான் படியிலிருந்து எழுந்து வழி விட்டேன். அத்தாச்சிதான், "உள்ள போயி பாருங்கடா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. என் மனைவி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது. தெருவே ஓடி வந்தது.

"எப்ப மாமா?" என்று முகிலன் கேட்டான்.

"ஆட்டம் ஆரம்பிக்கையில."

"தெரிஞ்சிருந்தா நாங்க ஆடியிருக்க மாட்டோம் மாமா."

"அதான் சொல்லல."

அவன் கோப்பையோடு தரையில் உட்கார்ந்து அக்காவின் கால்மாட்டில் தலையை வைத்துக்கொண்டான். பெரிய ஆள் அவன். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

திருப்பூரிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகு அக்காவைத் தூக்கியது அந்தப் பையன்கள்தான். ஜெயித்த அணி கூத்தாநல்லூர்ப் பக்கம். பாதி வழியில் சேதி கேட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்து, மாலையோடு நின்றார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. தஞ்சாவூரில் பார்த்த டாக்டருக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் அக்காவுக்கு வலி ஊசி போட வந்த நர்சம்மாவுக்கும், எதிர்வீட்டு அத்தாச்சிக்கும், அக்காவைப் பெற்ற தாயைப்போலப் பார்த்த என் மனைவிக்கும் நன்றி என்ற சொல் போதாது.

இனிச் சொல்ல வேண்டியது மயிலாடுதுறைச் சின்னம்மாவுக்கு. அம்மாவுக்குப் பிறகு எங்களுக்கு நீங்கள்தான். உங்களுக்குச் சேதி வரும்போது, உங்களைக் கூட்டி வர வேண்டிய பேரன் சென்னை பஸ் ஏறிவிட்டான். தனியாகப் புறப்பட உங்களுக்கு முடியவில்லை. சாயங்காலமே சொல்லியிருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பேனே என்று நீங்கள் அழுததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் போனை நீங்கள் எடுக்கவில்லை. கோபம் என்மேல் இருக்கட்டும், அக்காமேல் வேண்டாம். மறுபடியும் அந்த நாள் வந்தாலும் நான் அப்படித்தான் செய்வேன். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் பார்க்காத முகத்தை எழுதியாவது காட்டலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். பார்த்தவர்களெல்லாம் தூங்குகிற மாதிரி இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை சின்னம்மா. நெற்றி கொஞ்சம் சுருங்கி, உதடு கொஞ்சம் திறந்து இருந்தது. யாரோ ஒருவன் பந்தைக் கொண்டு ஓடுகிறான், இன்னும் அடிக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் அது.