மயில்துத்தம் கரைத்த காலை

எழுபதுகளின் கடைசியில், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக் குடிசையில் இருந்தோம். அட்டை கடித்து என் மகளின் காலில் வந்த புண் ஆறவே இல்லை. செம்புச் சத்து புண்ணை ஆற்றும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். மயில்துத்தத்தில் செம்பு உண்டு என்பது தெரியும்; செடிக்கு மருந்தடிக்க வாங்கி வைத்திருந்த அதில் ஒரு கட்டியை எடுத்து வெந்நீரில் போட்டேன். வாசல்வரை மேகம் இறங்கியிருந்தது. கட்டியிலிருந்து நீலம் இழை இழையாகப் பிரிந்து கிண்ணம் முழுவதும் பரவியதை, அவளும் நானும் கனவு காண்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு அழகான ஒன்று கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துணியை நனைக்கும்போது, மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர். கிண்ணத்தைப் பார்த்தார்.

“இது யாருக்கு ஆத்தா?”

“பிள்ளை கால் புண்ணுக்குத்தான், அக்கா. செம்பு நல்லதுன்னாங்க.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “செடிக்கு அடிக்கிறது வேற, மனுச மேலுக்குப் போடுறது வேற. இது பச்சப்புண்ணுல பட்டா சதையை அரிச்சிரும். ஆஸ்பத்திரிக்குப் போவோம், வெரசா கெளம்பு. பிள்ளைய நான் தூக்கிக்கிறேன்.”

குரங்கணிவரை மகள் அவர் தோளிலேயே தூங்கினாள். அங்கிருந்து ஜீப்பில் போடி போனோம். டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டார். கொஞ்ச நாளில் ஆறிவிட்டது.

அந்தப் பெண்ணை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. குடிசையிலும் சரி, வழியிலும் சரி, அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கிண்ணத்தைப் பார்த்ததுமே திட்டியிருந்தால், அவர் போகட்டும் என்று காத்திருந்து அந்தத் துணியைப் புண்ணில் வைத்திருப்பேன். அன்றைய என்னை எனக்குத் தெரியும்.