இருபத்தேழு கண் மயில்

மயில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இல்லை என்று அச்சில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த மாயாஜாலப் படத்தில் ராஜகுமாரன் போர்த்திக்கொண்டு மறைகிறானே, அந்தப் போர்வையில் ஒரு மயில் இருந்தது. தோகையில் இருபத்தேழு கண். அதில் ஒன்று மூடிய கண். தறியில் நெடுக ஓடுகிற பாவில் இழை எண்ணி ஒவ்வொரு கண்ணையும் விரலால் கோத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நூல் கிடைப்பதே பெரும்பாடு. எனக்குப் பத்தொன்பது வயது. ஆட்டையாம்பட்டியில் நெசவுக்காரர் தெருவில், ஒற்றைக் குழித்தறி உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டுக்காரர் நெய்வார். நானும் மாமியாரும் ராட்டையில் தார் சுற்றுவோம், அதாவது ஊடை நூலை, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் சுற்றித் தருவோம். அது பொம்பிளை வேலை. ஆண்கள் அதைத் தொட மாட்டார்கள், தொட்டால் தெரு சிரிக்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி. தெரியாது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகை வரும். அவர் படித்து முடித்ததும் அவர் சம்சாரம் எனக்குத் தருவார். அதில் அந்தத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு ராஜகுமாரனுக்கு மாயப் போர்வை கிடைக்கிறது. ரத்தச் சிவப்பில் பச்சை மயில். போர்த்தினால் ஆள் மறைந்துவிடுவான், ஆனால் ஒவ்வொரு தடவை மறையும்போதும் தோகையில் ஒரு கண் மூடிக்கொள்ளும். எல்லாக் கண்ணும் மூடிவிட்டால் அவன் திரும்பத் தெரியவே மாட்டான். கதை தொடங்கும்போதே ஒரு கண் மூடியிருக்கிறது. அதை மூடியவர் யார் என்பதுதான் கடைசி வரை ரகசியம்.

வாரம் ஒரு நாள் மத்தியானம் எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு நடைக்கு வந்துவிடுவார்கள். நான் படிப்பேன், அவர்கள் சுற்றுவார்கள். படித்து முடித்ததும் கேள்வி நடக்கும். ராஜகுமாரன் இதுவரை எத்தனை தடவை மறைந்தான்? மந்திரவாதியின் கிளிக்கு எந்தக் கால் நொண்டி? பாதாள நகரத்துக்கு எத்தனை படி? பதில் தப்பியவள், கேட்டவளுக்கு ஒரு தார் சுற்றித் தர வேண்டும். அதுதான் சட்டம். சட்டத்துக்குப் பயந்தே எல்லாருக்கும் கதை தலைகீழ்ப் பாடம். நான் தார் சுற்றித் தந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். போர்வையை எடுக்கிற கட்டம் வந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். கட்டம் முடிந்ததும் மறுபடி ஓடும். நாங்கள் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், சிரிக்க மாட்டோம்.

அந்தக் கதையைப் படம் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சேலத்துப் பக்கம் கொட்டகை போட்டு ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு மூடிப்போன கம்பெனி அது. அவர்களுடைய ஏஜெண்டு ஒருவர் ஜட்கா வண்டியில் எங்கள் தெருவுக்கு வந்தார். பூவும் பறவையுமாகப் புட்டா போட்டு நெய்வதில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பேர் உண்டு. ஏஜெண்டு வண்டியை விட்டு இறங்காமலே பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அந்த மாயப் போர்வை நெய்யணும். எல்லாம் இந்தச் சீட்டுல எழுதியிருக்கு. இதுபடி செஞ்சிருங்க.”

“ஆகட்டுங்க” என்றார் வீட்டுக்காரர்.

வண்டி போனதும் கேட்டேன். “என்ன சீட்டுங்க அது?”

“அளவுச் சீட்டு. அளவெல்லாம் நானே வாயால கேட்டுக்கிட்டேன். நீ போயிப் பாவுக்குக் கஞ்சி காச்சு.”

நானும் போய்க் கஞ்சி காய்ச்சினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. கையை நீட்டி, கொடுங்கள் என்று வாங்கியிருக்கலாம். கட்டியவர் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிப் படித்தவள் என்று பெயர் வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பத்தொன்பது நாள் நெய்தோம். அவர் நாடா தள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து இழை எண்ணிப் பச்சை நூலைக் கோத்தேன். தறிக்குழிப் பக்கம் மருமகள் உட்காரக் கூடாது என்பது மாமியாரின் கட்டுப்பாடு. “இந்த ஒருக்கா உடு ஆத்தா, எண்ணிக்கை அவளுக்குத்தான் தெரியும்” என்று இவர் சொல்லித்தான் உட்கார விட்டார். மூடிய கண் எங்கே வரும் என்று கதையில் சொல்லியிருக்கிறது. அந்த இடத்திலேயே வைத்தேன்.

சினிமாவில் நிறம் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். போட்டோ பார்த்ததில்லையா நாங்கள்? ஆனால் நெய்கிறவன் கணக்கு வேறு. சிவப்பில் பச்சை போட்டால் தெருக்கோடியில் நிற்கிறவனுக்கும் எடுத்துக் காட்டும். நிறம் போனால் போகட்டும், மயில் எங்கே போகும் என்றுதான் நினைத்தோம். எங்கள் தெருவில் எந்தத் தறிக்காரனைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பான்.

முடிந்ததும் ஏஜெண்டு வரவில்லை, வண்டிக்காரனை அனுப்பினார். அவன் மடித்த போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் அதுவரை சினிமாவுக்குப் போனதில்லை. போகக் கூடாது என்று எழுதியா வைத்திருந்தது? இல்லை. யாரும் போனதில்லை, அவ்வளவுதான். படம் சேலத்துக்கு வந்ததும் அந்த எட்டுப் பேரும் நானுமாக மாமியாரைப் பிடித்துக்கொண்டோம், மாமியார் தெருப் பெரியதனக்காரரைப் பிடித்தார். “நம்ம தறியில நெய்த துணி. அதுக்காகச் சரி. மயிலப் பாத்துப்போட்டு நேரா ஊடு வந்து சேரோணும்” என்று உத்தரவு கொடுத்தார். இரண்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பகல் ஆட்டத்துக்குப் போனோம். மாமியாரும் கூட வந்தார். வழி நெடுகக் கேள்விதான். முதல் கண் எந்தக் காட்சியில் மூடும்? பதினோரு தடவையும் காட்டுவார்களா?

கொட்டகையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கதைச் சுருக்கத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அற்புதமான மாயப் போர்வை காசியிலிருந்து தருவிக்கப்பட்டதாம். காசியாம்! எனக்குக் காது சூடேறிவிட்டது. இருக்கட்டும், மயில் வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று புத்தகத்தை மூடினேன்.

ராஜகுமாரன் குகைக்குள் போனான். பெட்டியைத் திறந்தான். போர்வையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

ஒன்றுமில்லை. மழைக்குப் போர்த்துகிற கம்பளி மாதிரி ஒரே மங்கலாக ஒரு துணி. எங்கள் துணிதான். ஓரத்துக் கரையை நான் அறிவேன். ஆனால் மயில் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சாம்பல் நிறத்தில் சாம்பல். கண் மூடுவதைக் காட்ட வழியில்லாததால் அவர்கள் ஒரு மணிச் சத்தத்தை வைத்திருந்தார்கள். அவன் மறையும்போதெல்லாம் டங் என்று ஒரு மணி அடிக்கும். கதையில் பதினோரு தடவை மறைந்தவன் படத்தில் நாலே தடவை மறைந்தான். மூடிய கண்ணின் ரகசியம் என்ன ஆயிற்று? கண்ணே இல்லை, ரகசியம் எங்கிருந்து வரும்?

“ஏனுங்க அக்கா, மயிலு எங்கீங்க?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “உன்ற துணி ஆகாதுன்னு கடாசிப்போட்டு வேற எதையோ போத்தியிருக்கறாங்க. இதுக்கு ரெண்டு வண்டி!”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கம்பெனிக்காரன் துணியைத் திருப்பி எறிந்தான் என்று ஒரு வாரத்தில் தறிக்காரர்கள் எல்லாரும் பேசினார்கள். பெரியதனக்காரர் இனிமேல் பெண்கள் யாரும் சினிமா என்று வாயெடுக்கக் கூடாது என்றார். மாமியார் அத்தோடு விடவில்லை. கதை படிப்பதால் வந்த வினைதானே இது என்று நடைக் கதவைச் சாத்தினார். எட்டு ராட்டையும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. வாத்தியார் சம்சாரம் பத்திரிகையை நீட்டினால் வேண்டாம் என்று திரும்பி வந்தேன். எனக்கு வாரத்தில் இருந்த ஒரே ஒரு மத்தியானம் அது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். தனியாக உட்கார்ந்து தார் சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த ராட்டைச் சத்தம் எப்படிப்பட்ட சத்தம் என்று.

துணி ஒன்றும் திரும்பி வரவில்லை, என் பெண்டாட்டி வேலை சுத்தம் என்று இவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சாமான்களையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். குழியை ஒட்டிய சுவர்ப் பிறையில், விளக்குக்குப் பின்னால், நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தேன். முதலில் நீள அகலம். அதற்குக் கீழே: போர்வை வெள்ளையாகவும் மயில் கறுப்பாகவும் இருக்க வேண்டும். கதையில் உள்ளபடி சிவப்பும் பச்சையும் போட வேண்டாம். காமிராவில் இரண்டும் ஒரே மாதிரி விழும், மயில் தெரியாது.

தமிழில்தான் எழுதியிருந்தது. மணி மணியான எழுத்து. எட்டடி தூரத்தில் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

இவர் கதவோரம் நின்றிருந்தார். நான் தொடர்கதை படிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்தச் சீட்டைப் படித்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

“அளவுச் சீட்டுன்னு சொன்னீங்களேங்க” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். “கதையில சிவப்புன்னுதானே படிச்சே” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. “படிக்கிறவ ஊட்டுக்குள்ளதானுங்களே இருந்தேன்! கேட்டா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?”

மாமியார் என்னை அடக்குவார் என்று நினைத்தேன். அவர் மகனைத்தான் பார்த்தார். “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கறயே சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு பல நாள் அவருக்குச் சோறு வைப்பேன், தார் சுற்றி வைப்பேன், அத்தோடு சரி.

ஒரு நாள் மத்தியானம் அவர் வாத்தியார் வீட்டிலிருந்து பத்திரிகையைத் தானே வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்தார். வரும்போதே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டிருக்கிறார். எட்டுப் பேரும் ராட்டையோடு வந்து நின்றார்கள். நடைக் கதவை அவரே திறந்தார். எல்லாருக்கும் நடுவில் பத்திரிகையை என்னிடம் நீட்டி, “எனக்குப் படிக்கத் தெரியாது புள்ள. நீ படி” என்றார்.

வாங்கினேன். பிரித்த பக்கத்தில் சினிமாக் கேள்வி பதில். படமாக வந்த மாயாஜாலக் கதைகளைப் பற்றிப் போன வாரம் கேட்ட கேள்விகளுக்கு விடை போட்டிருந்தார்கள். நாலாவது விடையில் என் கண் நின்றுவிட்டது. இருந்தாலும் படித்தேன். மாயப் போர்வைக் கதையில் உள்ளது, படத்தில் இல்லாதது எது? விடை, மயில்.

“தப்பான பதிலு. ஒரு தாரு!” என்றாள் ஒருத்தி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தறிப் பக்கம் போகவில்லை. என் ராட்டைக்கு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குச்சியை மாட்டினார், நூலைப் பிடித்தார், சக்கரத்தைச் சுற்றினார். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வாசலில் போன இரண்டு தறிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. வேர்வை வழிய ஒரு தார் சுற்றி முடித்து என் பக்கத்தில் வைத்தார்.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். தறியில் போட்டால் இரண்டாவது ஓட்டத்திலேயே சிக்கும். அத்தனை பேர் பார்க்க நூல் முழுவதையும் பிரித்தேன். வெறும் குச்சியை அவர் கையில் கொடுத்தேன்.

“இது ஆகாதுங்க. மறுக்காச் சுத்துங்க.”