டத்தோவுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவின் கடைசி நாள் மாலை, தேர் கிளம்புவதற்கு முன் கலை நிகழ்ச்சி நடக்கும். அதற்கும் முன்னால் பொன்னாடை. உபயம் கொடுத்தவருக்கு அன்று பாட வந்தவர்தான் போர்த்த வேண்டும். தோட்டத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், நாங்கள் பக்கத்தில் பெம்பான் என்ற ஊருக்குக் குடிவந்துவிட்டோம், சுற்றிலும் செம்பனை மட்டும்தான் மிச்சம். ஆனாலும் இந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. இந்த ஆண்டு பாட வந்தவன் என் தம்பி.

அவன் ராப் பாடும் சொல்லிசைக் கலைஞன். முன்பு சிறையில் இருந்தவன். இரண்டையும் நான் இந்த வரிசையில்தான் சொல்வேன். கோயில் கமிட்டி மாற்றிச் சொன்னது. நோட்டீசில் 'சிறையிலிருந்து மேடைக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவன் பாட்டின் பெயர் எங்கும் இல்லை. செயலாளருக்கு போன் செய்தேன்.

"அண்ணே, பாட்டுப் பேரு எங்க?"

"அத யாரும்மா பாக்கப் போறா? ஜெயில் கதைன்னாதான் கூட்டம் வரும்லா."

உபயம் யார் என்று கேட்டேன். "பெரிய ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

தம்பி பதினேழு வயதில் இதே கோயிலில் உறுமி அடித்தான். உறுமி வாங்கிக் கொடுத்தவர், குழுவுக்கு டீ-சட்டை தைத்துக் கொடுத்தவர் ஒரு லோரி முதலாளி. திருவிழா முடிந்த பிறகும் அவர் எங்கள் வீட்டு வாசல்களுக்கே வந்து பையன்களைக் கூப்பிடுவார். "ஒருத்தன் தகராறு பண்றான். சும்மா வந்து நில்லுங்கடா, போதும்." நின்றார்கள். அப்புறம் கையில் பாராங்கத்தி வந்தது. ஒருவன் வெட்டுப்பட்டான். அதில் என் தம்பிக்கும் பங்கு உண்டு, அதை அவனும் மறுத்ததில்லை. ஆனால் பிடிபட்டவர்கள் பையன்கள் மட்டும். "வாயத் திறக்காதீங்க, வக்கீல நான் பாத்துக்குறேன்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். பையன்கள் வாயைத் திறக்கவில்லை. வக்கீலும் வரவில்லை. நீதிமன்ற வாசலில் நின்று எதிரே வந்த ஒவ்வொரு கறுப்புக் கோட்டுக்காரரையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறையில் அவன் தொடையில் உறுமித் தாளம் தட்டி, வரி வரியாக மனப்பாடம் செய்தான். வெளியே வந்தபோது சிம்பாங் அம்பாட்டில் ஒரு கார் கழுவும் கடையில்தான் வேலை கிடைத்தது. கழுவி முடித்த காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சத்தமில்லாத அந்த இடத்தில் கைப்பேசியில் பதிவு செய்தான். 'நிக்கச் சொன்னாங்க' என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். கோலாலம்பூரிலும் பாடிவிட்டான். அது யார் கதை என்று தெரிந்த எங்கள் ஆட்கள் முன்னால் மட்டும் பாடியதில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் கமிட்டி கூப்பிட்டதும் ஒப்புக்கொண்டான்.

அறிவிப்பாளர் உபயகாரரை மேடைக்கு அழைத்தார். ஏறி வந்தவர் அந்த லோரி முதலாளி. இப்போது அரசாங்கம் கொடுத்த 'டத்தோ' பட்டத்தோடு.

"இந்தத் தம்பிய இளம் வயசிலேயே கைதூக்கி விட்டவரு நம்ம டத்தோ!" என்று அறிவிப்பாளர் முழங்கினார். சனம் கை தட்டியது. தம்பி கையில் பொன்னாடை. டத்தோ அதற்குள் குனிந்து கழுத்தை நீட்டிவிட்டார்.

செயலாளர் அவன் காதருகே போனார். "போட்டுட்டுப் பாடுலா. போடலன்னா பாட்டு இல்ல."

தம்பி மைக்கில் சொன்னான். "மொதல்ல பாட்டக் கேளுங்க, டத்தோ. அப்புறமும் வேணும்னா நானே போடுறேன்."

மைக் செத்துப்போனது. யாரோ வயரைப் பிடுங்கியிருந்தார்கள். அவன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். கூட்டத்துக்குப் பின்னால் தேருக்காகக் காத்திருந்த உறுமிப் பையன்களிடம் போய்த் தன் தொடையைத் தட்டிக் காட்டினான். ஒருவன் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உறுமியில் குச்சியை இழுத்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"நிக்கச் சொன்னாங்க நின்னோம் நாங்க,
நின்ன எடத்துல அவங்க இல்லீங்க..."

முன்வரிசைப் பெண்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். பாட்டு முடியும் முன்பே டத்தோவின் கார் கிளம்பிவிட்டது. உறுமி அடித்த பையன்களின் முதுகைப் பார்த்தேன். புத்தம் புது டீ-சட்டை. ஒவ்வொன்றிலும் அவருடைய லோரி கம்பெனியின் பெயர்.

மறுநாள் காலையில் செயலாளர் எங்கள் வீட்டு கேட்டில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கமிட்டிக்கு மானம் போச்சு. தம்பிய டத்தோ வீட்டுக்குப் போயி ஒரு வார்த்தை சாரி சொல்லச் சொல்லும்மா."

"டத்தோவ இங்க வந்து என் தம்பிகிட்ட சொல்லச் சொல்லுங்க, அண்ணே. புள்ளைங்கள வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போறது அவருக்கு ஒண்ணும் புதுசில்லையே."