மாறாத வெள்ளைப் புள்ளிகள்

சென்ற வருடம் ஆனி மாதம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மகளின் கல்யாண வேலைகள் தொடங்கியிருந்த நேரம். நிச்சயம் முடிந்திருந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, மார்பின் அளவைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தேன். அழகுக்காக இல்லை. பாரம் இழுத்துக் கழுத்தும் தோளும் ஓயாமல் வலித்தன. உள்ளாடைப் பட்டை அழுத்திய இடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகுதான் நிமிர்ந்து நடந்தேன். நாற்பது தாண்டியவள் என்பதால் மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று மேமோகிராம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கல்யாண அலைச்சல் கூடுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மகள்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா எங்களை உள்ளே அழைத்தார்.

"ஆபரேஷன் பண்ணுன எடத்துல வெள்ளைப் புள்ளிக தெரியுதும்மா. தையல் போட்டு ஆறுன எடத்துல இப்படி வாரது உண்டு. ஆனா பார்வைய வச்சு மட்டும் சொல்லக்கூடாது. பெருசாக்கி இன்னொரு படம், ஒரு ஸ்கேன் எடுப்போம். தேவைன்னா ஊசி வச்சுத் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம்."

'வாரது உண்டு' என்றது மனதில் நிற்கவில்லை. 'டெஸ்ட்' மட்டும் நின்றது.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "நல்லா இருந்த ஒடம்புல போயி யாராவது கத்திய வைப்பாகளா மதினி? இப்ப எங்க கொண்டாந்து விட்டுருக்கு பாருங்க." நானே கூப்பிட்டு வைத்த வினையோ என்று எனக்கும் தோன்றியது.

கணவர் மெதுவாகச் சொன்னார். "நிச்சயம் பண்ணுன வீட்டுல ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம். முகூர்த்தம் முடியட்டும், பொறவு பாப்போம்." அவர் குரலிலும் பயம்தான். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. தெரியாத வரை ஒன்றுமில்லை அல்லவா?

எங்களுக்குச் சிறிதாக ஒரு பேண்டேஜ் துணி யூனிட் உண்டு. துணியைச் சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு. கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே துணியை விரித்துப் பழுது தேடுவோம். மறுநாள் ஒரு துணியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. நூல் முடிச்சா, எண்ணெய்க் கறையா? வழக்கம்போல ஓரமாக ஒதுக்கினேன். எதிரில் நின்ற மகள் கேட்டாள்.

"அத எதுக்கு ஒதுக்குத?"

"சந்தேகமா இருக்குடி. லென்ஸ் வச்சுப் பாக்கணும்."

"கல்யாணம் முடியட்டும்னு பேக் பண்ணிர வேண்டியதுதானம்மா."

கிண்டலாக ஆரம்பித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் மணவறையில உக்காந்து ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அந்த வாரமே மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். இம்முறை கணவரும் வந்தார். பெரிதாக்கிய படத்திலும் ஸ்கேனிலும் ஓர் இடம் மட்டும் தெளிவாகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு அந்த இடத்தில் சதை எடுத்தார்கள். நான் பயந்த அளவுக்கு வலி இல்லை. முடிவுக்காகக் காத்திருந்ததுதான் வலி. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் சிரித்தேன். எந்த வீட்டில் என்ன பேசினேன் என்று இன்றும் நினைவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசினார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆபரேஷன்ல அடிபட்ட கொழுப்பு இறுகியிருக்கு, கூடத் தழும்பு. அம்புட்டுதான். ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்துருவோம்."

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆறு மாதம் கழித்து, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளே என்னைக் கூட்டிப்போனாள். புள்ளிகள் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருந்தன. "இனி இதுதான் ஒங்க படம். வருசா வருசம் இதோட ஒப்பிட்டுப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

இப்போதும் படம் எடுக்கும் தேதி நெருங்கினால் பயம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் வெளிச்ச மேஜையில் ஒரு துணியை ஒதுக்கி வைக்கும்போதெல்லாம், ஒதுக்கி வைத்தாலே பழுது என்று ஆகிவிடாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.